பதினோராவது வண்டு

டிரைவருக்குப் பேய் என்றால் பயம் கிடையாது. பேய் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைவதென்றால்தான் பயம். இந்த வித்தியாசத்தை அவன் மேடத்திடம் எத்தனையோ முறை விளக்கியாயிற்று. மேடம் ஒரு முறைகூட அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"வண்டியை நிழல்ல விட்டுட்டு இறங்கு."

"நான் வண்டியிலேயே இருக்கேனே மேடம். யாராவது டயரைக் கழட்டிட்டுப் போயிட்டா?"

"உன் வண்டி டயரையா? பார்த்து மனசு கேக்காம நாலு புது டயர் மாட்டி விட்டுட்டுப் போவான். இறங்கு."

மேடம் முப்பத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி, தராசு சரியா, படிக்கல் சரியா என்று சோதித்து முத்திரை குத்துவது உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு ஊரில் எந்தக் கதை நிறை குறைந்தாலும் ஆட்கள் அவர் வாசலுக்கு வந்து நின்றார்கள். ஆபீஸ் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவரும் வேலையை உதறிவிட்டு அவரோடு வந்து சேர்ந்துகொண்டான். வேறு எங்கே போனாலும் தன் வாய்க்கு வேலை கிடைக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

தெருக்கோடி வீடு. அதற்குப் பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் மைல் கணக்கில் புதர்க்காடு. காலை எட்டு மணி வெயிலிலும் அந்த வீடு பதில் வராத கேள்வியைக் கேட்டுவிட்டு நிற்பவரைப் போல இருந்தது. வாசல் கதவில் பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் ஓட்டை.

"பூட்டு எங்கேம்மா?" என்றார் மேடம்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த நர்ஸ். சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி கழட்டிட்டேன். நான் டியூட்டியில இருக்கும்போது அவர் வந்தா, பூட்டின கதவைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடக் கூடாது."

அவர் என்றால் கணவர். கல்லூரியில் உயிரியல் ஆய்வக உதவியாளர். ஊருக்கு அவர் வண்டுக்காரர். நீளக் கொம்பு வைத்த வண்டுகள் என்றால் அவருக்கு உயிர். காட்டிலும், அடுத்தவர் தோட்டத்திலும், ஆஸ்பத்திரி வேலியிலும் தேடிப் பிடித்து, இது இன்ன வகை, இன்ன மரத்தில் இருப்பது என்று கண்டுபிடித்து எழுதி வைப்பார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை காலையில், மனைவியின் பழைய ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சாயங்காலம் தந்துவிடுகிறேன் என்று சொல்லிக் காட்டுக்குப் போனவர்தான். போலீஸ் ஒரு வாரம் தேடியது. சொந்தக்காரர்கள் எல்லாரும் தாங்கள் காட்டுப்பக்கமே போனதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

"ஸ்டெதஸ்கோப் எதுக்குக்கா?" என்றான் டிரைவர். "வண்டுக்குக் காய்ச்சல் பார்க்கவா?"

"மரத்துல வெச்சுக் கேப்பார். வண்டு ஆகுறதுக்கு முன்னாடி அது புழுவா மரத்துக்குள்ளதான் இருக்கும். கட்டையைக் கடிக்கிற சத்தம் கேக்குமாம்." அவள் ஒரு ஜாம் பாட்டிலை மேசைமேல் வைத்தாள். "அது இருக்கட்டும். இதைப் பாருங்க. ஒரு மாசமா வருது. பத்தாவது."

பாட்டிலுக்குள் சாம்பல் நிற வண்டு ஒன்று. விரல் நீளம். முதுகில் இரண்டு மஞ்சள் பொட்டு. உடம்பைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்குக் கொம்புகள் வளைந்து பாட்டிலின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தன. டிரைவர் பாட்டிலைத் தூக்கியதும் உள்ளேயிருந்து மெல்லிய குரலில் அது கிரீச்சிட்டது. அவன் பாட்டிலை மரியாதையாகப் பழைய இடத்திலேயே வைத்தான்.

"படுக்கை அறை ஜன்னல்ல, உள்பக்கம் உக்காந்திருக்கும்" என்றாள் நர்ஸ். "ஜன்னல் சாத்தித்தான் இருக்கும். பகல்லதான் நான் தூங்குவேன். தலைமாட்டுல யாரோ நகத்தால சுரண்டுற மாதிரி சத்தம் கேக்கும். எழுந்து பார்த்தா ஒருத்தரும் இல்ல. மறுநாள் ஒரு வண்டு. இந்த வகையில அவர் வாழ்நாள்ல ஒண்ணே ஒண்ணுதான் பிடிச்சார், மேடம். இன்னொண்ணு கிடைக்காதான்னு தவிச்சார்."

"இப்ப எங்ககிட்ட என்ன கேக்குறீங்க?"

"பெரிய ஆஸ்பத்திரியில எனக்குத் தலைமை நர்ஸ் வேலை போட்டிருக்காங்க. வெளியூர். மூணு தடவை தள்ளிப்போட்டுட்டேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போடலைன்னா அவ்வளவுதான். போறதுன்னு முடிவு பண்ணிப் பெட்டிகூட கட்டிட்டேன். கட்டின அன்னைக்குத்தான் முதல் வண்டு வந்துச்சு." அவள் குரல் இறங்கியது. "உயிரோட இருக்காரோ, இல்லையோ, போகாதேன்னு அவர்தான் சொல்றார்னு எனக்குத் தோணுது. வெக்கிறது அவர் கைதானான்னு மட்டும் சொல்லுங்க. அவர் கைன்னா நான் போகல."

டிரைவர் வாயைத் திறந்தான். மேடம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

படுக்கை அறை சின்னது. ஓர் இரும்பு பீரோ. வெள்ளை பெயின்ட் அடித்த பெரிய மரக்கட்டில், தலைப்பக்கம் சுவரோடு ஒட்டி. எதிர்ச்சுவரில் ஒற்றை ஜன்னல். அலமாரியில் பதினான்கு கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக ஊசி குத்திய வண்டுகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் நகமளவு காகிதச் சீட்டு. உள்ளே கால் வைத்ததும் டிரைவர் தும்மினான். அடுத்தடுத்து ஐந்து தும்மல்.

"அந்துருண்டை வாசனை மேடம். எனக்கு ஒத்துக்காது."

"அப்படியா?" என்று மட்டும் கேட்டார் மேடம்.

அவர் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார், பீரோவைத் திறந்து மூடினார், ஜன்னல் விளிம்பைத் துடைத்து ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்தார். கண்ணாடிப் பெட்டிகளையும் நோட்டுப் புத்தகங்களையும் கூடத்துக்குத் தூக்கி வரச் சொன்னார். பிறகு கைப்பையிலிருந்து மெல்லிய கம்பி, ஈயக் குண்டு, முத்திரைக் குறடு மூன்றையும் எடுத்தார்.

"ரிட்டயர் ஆகும்போது எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டதா கையெழுத்துப் போட்டீங்களே!"

"நல்ல குறடை ஒப்படைச்சேன். இது தேஞ்சது."

ஜன்னல் கொண்டியில் கம்பியைக் கோத்து ஈயத்தை நசுக்கினார். அறைக் கதவுக்கும் அப்படியே. மளிகைக் கடைத் தராசுகளை மிரட்டிய அதே முத்திரை இப்போது ஒரு படுக்கை அறைக்குக் காவல் நின்றது. ஒரு மனிதன் உள்ளே போய் வந்தால் ஈயம் சொல்லிவிடும். பேய் போய் வந்தால் ஈயம் என்ன செய்யும் என்று டிரைவர் கேட்டான். பேயும் முத்திரைக்கு மேல்தான் போக வேண்டும், அது அரசாங்க விதி என்றார் மேடம்.

நர்ஸ் கூடத்திலேயே பாயை விரித்துப் படுத்தாள். களைப்பில் உடனே தூங்கிப் போனாள். டிரைவர் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வண்டுக்காரரின் நோட்டைப் புரட்டி மெதுவான குரலில் படித்தான்.

"'வண்டைப் பார்த்ததும் பெயர் சொல்லிவிடாதே. வரிசையாகக் கேள். கொம்பு உடம்பைவிட நீளமா? கண், கொம்பின் அடியை வளைத்துப் பிடித்திருக்கிறதா? தோளில் முள் உண்டா? கையில் எடுத்தால் கத்துகிறதா? இவ்வளவும் கேட்டபின் கடைசிக் கேள்வி, முக்கியமான கேள்வி: எந்த மரம்? மரம் தெரியாமல் வண்டு தெரியாது.' மேடம், பொண்ணு பார்க்கப் போறவன்கூட இவ்வளவு கேக்க மாட்டான்."

மேடம் படிக்கல் முத்திரை பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து ஜாம் பாட்டிலைக் குனிந்து பார்த்தார். கொம்பு நீளம். கண் கொம்பின் அடியை அரைவட்டமாகச் சுற்றியிருந்தது. தோளில் இரு பக்கமும் முள். கத்துவதை ஏற்கெனவே கேட்டாயிற்று. நான்கு கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. "எந்த மரம்னுதான் தெரியல. பின்னாடி தோட்டத்துல போய்ப் பார்த்துட்டு வா."

டிரைவர் போன வேகத்தில் திரும்பி வந்தான். கைக்குட்டைக்குள் ஒரு வண்டு.

"கேஸ் முடிஞ்சுது! எலுமிச்சை மரத்துல உக்காந்திருந்தது. நீளக் கொம்பு. அங்கேருந்துதான் வருது. பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாப்பிடப் போலாமா?"

மேடம் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "தோள்ல முள் எங்கே?"

டிரைவர் தேடினான். முள் இல்லை. முதுகில் பொட்டும் இல்லை. நோட்டில் பக்கம் ஒன்பதில், 'எலுமிச்சைக்காரன், தோள் வழவழப்பு, எல்லா வீட்டுத் தோட்டத்திலும் உண்டு' என்று வண்டுக்காரர் எழுதி வைத்திருந்தார். செத்தாரோ இருக்கிறாரோ, ஆள் தன்னைத் தோற்கடித்துவிட்டதில் டிரைவருக்கு வருத்தம்.

பதினான்காவது பெட்டியில் ஒரே ஒரு வண்டு தனியாக இருந்தது. சாம்பல் நிறம், இரண்டு மஞ்சள் பொட்டு. அதன் சீட்டில் 'ஒற்றை மரம்' என்று மட்டும் இருந்தது. மற்ற எல்லாச் சீட்டிலும் இடம் எழுதியிருந்தது, இதில் இல்லை. டிரைவர் அந்த மரத்தைப் பற்றிய பக்கத்தைத் தேடிப் பிடித்தான்.

"'இந்த வகை மரம் காட்டில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இந்த வண்டு வேறு எந்த மரத்தையும் தொடாது. இருக்கும் இடத்தை எங்கேயும் எழுத மாட்டேன். எழுதினால் கோடரி வந்துவிடும்.' அடுத்த பக்கம்: 'இன்று நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் மரத்தைக் காட்டினேன். அவருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. சுற்றிச் சுற்றி வந்தார். நான் கேட்காமலேயே டேப்பை எடுத்துச் சுற்றளவு அளந்து சொன்னார். குறித்துக்கொண்டேன்.' இது அவர் காணாமப் போறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி எழுதினது."

"திரும்பப் படி."

படித்தான்.

"காட்டுக்குள்ள போகும்போது பையில டேப் வெச்சிருக்கிறவன் யாரு?"

"தையல்காரர்" என்றான் டிரைவர். "மரத்துக்குச் சட்டை தைக்க."

மேடம் சிரிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் நர்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்குமேல் தெரு அடங்கியது. வெயில் மட்டும் முற்றத்தில் நின்றது. அப்போது டிரைவருக்கு அது கேட்டது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், மிக மெதுவாக, கர்ர்... கர்ர்... கர்ர்... யாரோ பொறுமையாக, வேறு வேலையே இல்லாதவர் போலச் சுரண்டினார்கள். நிற்கும். பிறகு மறுபடி தொடங்கும்.  தன் வாயில் ஒரு ஜோக்கும் ஊறவில்லை என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான்.

நர்ஸ் கண்ணைத் திறந்திருந்தாள். எழவில்லை. "கேக்குதா?" என்றாள். அவள் முகத்தில் பயம் இல்லை. ஒரு மாதமாகத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றை இன்னும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள் என்கிற நிம்மதி இருந்தது. அதுதான் டிரைவரை அதிகமாகக் கலக்கியது.

சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்துக் கண்ணாடியில் ஏதோ தட்டியது. ஒரு தட்டு, இன்னொரு தட்டு.

மேடம் எழுந்துபோய் முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கம்பி அசையவில்லை. ஈயத்தைப் பிளந்து கதவைத் திறந்தார். அறையில் ஒருவரும் இல்லை. ஜன்னல் முத்திரையும் போட்டது போட்டபடி இருந்தது. ஜன்னல் விளிம்பில் விரித்த வெள்ளைக் காகிதத்தின் நடுவில், கொம்புகளை வெளிச்சத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது பதினோராவது வண்டு.

"அவர் உள்ளேதான் இருக்கார்" என்றாள் நர்ஸ், வாசற்படியில் நின்றபடி.

டிரைவர் தனக்குத் தெரிந்த எல்லாக் கடவுள்களையும் வரிசையில் நிறுத்திக் கும்பிட்டான். கும்பிட்ட கையை எடுப்பதற்குள் தும்மல் வந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

"எதுக்குத் தும்முறே?" என்றார் மேடம்.

"சொன்னேனே மேடம். அந்துருண்டை."

"அந்துருண்டைப் பெட்டி பதினாலும் கூடத்துல இருக்கு. காலையிலேருந்து மடியில வெச்சு மோந்துக்கிட்டே படிச்சே. ஒரு தும்மல்கூட வரல. பெட்டியே இல்லாத அறைக்குள்ள வந்ததும் வருது." மேடம் நர்ஸ் பக்கம் திரும்பினார். "இந்த அறையைக் கூட்டும்போது தூசி விழுமாம்மா?"

"தினமும் விழும். வெள்ளையா, நைசா. கட்டிலுக்குப் பின்னாடி. சுண்ணாம்பு உதிருதுன்னு நினைச்சேன். மிளகு மாதிரி ஒரு நெடி அடிக்கும்."

"வெளியே இருந்து ஒண்ணும் வரலைன்னு ஈயம் சொல்லிடுச்சு. அப்போ அது உள்ளேருந்துதான் வருது. வண்டு வெளிச்சத்தைத் தேடித்தான் போகும். அது வந்து சேர்ற இடத்தை ஒரு மாசமா பார்த்துட்டோம். புறப்படுற இடம் வெளிச்சத்துக்கு நேர் எதிரே இருக்கணும். கட்டிலை இழு."

டிரைவர் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தான். தலைப்பலகையின் பின்பக்கம், பெயின்ட் அடிக்காமல் விட்ட மஞ்சள் மரத்தில், பதினோரு நீள்வட்ட ஓட்டைகள். பத்து பழையவை. பதினோராவதிலிருந்து மாவு போலத் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. டிரைவர் அதன் பக்கத்தில் குனிந்தான். அவன் தும்மிய தும்மலில் தூள் பறந்தது.

"பழைய கட்டைக்குள்ள மாட்டிக்கிட்ட புழு" என்றார் மேடம். "பச்சை மரத்துல ஒரு வருஷத்துல வண்டாகும். காஞ்ச பலகையில சத்து இல்லாம, மூணு வருஷம், நாலு வருஷம் கடிச்சுக்கிட்டே கிடக்கும்னு உங்க வீட்டுக்காரரே எழுதியிருக்கார். கட்டில் யாரு செஞ்சது?"

நர்ஸின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க டிரைவருக்குச் சங்கடமாக இருந்தது.

"எங்க அண்ணன். மூணாவது தெருவுல தச்சுப் பட்டறை வெச்சிருக்கார். வீட்டுக்காரர் காணாமப் போன ரெண்டாவது மாசம் நான் தரையில பாயைப் போட்டுக் கிடந்தேன். அண்ணனே கட்டில் செஞ்சு, தலையில சுமந்து கொண்டுவந்து போட்டார். பெத்தவங்க இருந்திருந்தாக்கூட..." அவள் நிறுத்தினாள். மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். "ஏன் மேடம்?"

"ஒரு மணி நேரம் குடும்மா" என்றார் மேடம். "வந்து சொல்றேன்."

மூன்று தெருதான். டிரைவர் வண்டியை எடுக்கவில்லை, இருவரும் நடந்தார்கள்.

"எழுதினா கோடரி வந்துடும்னு பயந்த மனுஷன்" என்றான் டிரைவர், "கோடரியைக் கையோட கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கார்."

பட்டறையில் தச்சர் ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. தோளில் டேப். தரையெல்லாம் சீவல். மேடம் ஜாம் பாட்டிலை அவர் இழைத்துக்கொண்டிருந்த கதவின்மேல் வைத்தார். உள்ளே வண்டு கிரீச்சென்றது. தச்சரின் கை இழைப்புளியிலிருந்து நழுவியது.

"உங்க தங்கச்சி கட்டிலுக்கு எங்கே கட்டை வாங்கினீங்க மேஸ்திரி?"

"டிப்போல."

"டிப்போல இந்த மரம் வராது. காட்டுல ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. அது இருந்த இடம் ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் காணாமப் போயிட்டார். நீங்க காட்டுப்பக்கமே போனதில்லைன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கீங்க." மேடம் அவர் தோளிலிருந்த டேப்பைத் தொட்டார். "சுற்றளவு எவ்வளவு இருந்துச்சு மேஸ்திரி? அவர் நோட்டுல இருக்கு. நீங்க சொல்லுங்க."

தச்சர் உளியை எடுத்தார். டிரைவர் சட்டென்று மேடத்துக்கு முன்னால் வந்து நின்றான். தச்சர் உளியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மரத்தூளில் உட்கார்ந்தார்.

"நான் கொல்லல" என்றார்.

"அப்போ நடந்ததைச் சொல்லுங்க."

"மாப்பிள்ளை வண்டுன்னு வாயைத் திறந்தா எல்லாரும் எழுந்து போயிடுவாங்க. நான் ஒருத்தன்தான் உக்காந்து கேப்பேன். அதனாலதான் எனக்குக் காட்டினார். 'இந்த மரத்துக்குள்ள ஒரு ஊரே குடியிருக்கு மச்சான்'னார். எனக்கு ஊர் தெரியலம்மா. பலகைதான் தெரிஞ்சுது. முப்பது வருஷத்துல அப்படி ஒரு கட்டையில என் கை பட்டதில்ல. ராத்திரி தூக்கம் வரல. ஒரு செவ்வாய்க்கிழமை ரம்பத்தை எடுத்துட்டுப் போனேன். முக்கால்வாசி அறுக்கும்போது இருட்டிடுச்சு. காவல்காரன் கண்ல படக் கூடாதேன்னு அறுத்த இடத்துல தழையைப் போட்டு மூடிட்டு வந்துட்டேன்."

அவர் மடியில் ஒட்டிய சீவலைத் தட்டிவிட்டார். 

"மறுநாள் காலையில கயிறோட போறேன், அவர் அங்கே நிக்கிறார். மரத்துல அந்தக் குழாயை வெச்சுக் கேட்டுக்கிட்டு. மரம் முறிய ஆரம்பிச்சிருச்சும்மா. அந்த முறியற சத்தம் அம்பதடி தள்ளி எனக்குக் கேக்குது. 'மாப்பிள்ளே'ன்னு கத்தினேன். எத்தனை தடவைன்னு தெரியல. அவர் திரும்பல. அதையும் புழு கடிக்கிற சத்தம்னு நினைச்சிருப்பார். ரெண்டு காதுலயும் குழாய்." தச்சர் தன் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

டிரைவருக்கு எதையாவது சொல்லி அந்த இடத்தை லேசாக்க வேண்டும் போல இருந்தது. நாக்கு எழவில்லை. முதல் தடவையாக அதற்காக அவன் வெட்கப்படவும் இல்லை.

"அங்கேயே குழி வெட்டிப் படுக்க வெச்சேன்" என்றார் தச்சர். "மரத்தை அங்கே விட முடியாது, பார்த்தா கேப்பாங்க. வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். எரிச்சிருக்கணும். நல்ல கட்டைம்மா, அடுப்புல வெக்கக் கை வரல. விக்கவும் மனசு வரல. தங்கச்சி வெறுந்தரையில கிடந்தா. அவருதுன்னு அவளுக்கு ஏதாவது குடுக்கணும்னு தோணுச்சு."

"தெரியாத யாரோ வெட்டின மரம் விழுந்து செத்தார்னாவது அவகிட்ட சொல்லியிருக்கலாமே? மூணு வருஷமா கதவைத் திறந்து வெச்சிருக்கா."

"வெட்டினது யாருன்னு கேப்பா. எங்கிட்ட எதையும் கேட்டு வாங்கிடுவா அவ. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்." அவர் கருவிப் பெட்டியின் அடித்தட்டைக் கிளப்பி, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேடத்தின் கையில் கொடுத்தார். ஸ்டெதஸ்கோப். ரப்பர் குழாய் மேலாக வெடித்திருந்தது. தகடு மட்டும் துடைத்துத் துடைத்துப் பளபளத்தது.

மேடம் அதை வாங்கி அவர் கையிலேயே திரும்ப வைத்தார். "போலீஸுக்கு நான் சொல்லிக்கிறேன். அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். அதை நீங்கதான் சொல்லணும். வாங்க."

தச்சர் தங்கையின் வீட்டு வாசலில் நின்றுகொண்டேதான் சொன்னார். உள்ளே வரவில்லை. தொடங்கியதும் நிறுத்தாமல், முடிவுவரை, தலையைத் தூக்காமல் சொல்லி முடித்தார். நர்ஸ் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. கத்தவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கேட்டுக்கிட்டு இருந்தப்ப, சிரிச்சுக்கிட்டு இருந்தாரா அண்ணே?"

தச்சர் அப்போதுதான் உடைந்தார். "ஆமாம்மா" என்றார். "சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தார்."

அவள் அவர் கையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டிரைவர் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றான். கட்டில் அறையின் நடுவில் இழுத்துப் போட்டபடி கிடந்தது. அவள் தரையில் முட்டி போட்டு, இத்தனை வருடம் நோயாளிகளின் நெஞ்சில் வைத்த அதே பழக்கத்தோடு, தகட்டைத் தலைப்பலகையில் வைத்துக் கண்ணை மூடினாள். இடம் மாற்றினாள். மறுபடி வைத்தாள். ஒரு இடத்தில் கை நின்றது.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள். கண்ணைத் திறக்காமலே அழத் தொடங்கினாள். டிரைவர் முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டான்.

நான்கு மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. இடத்தைக் காட்டத் தச்சர் ஏறப் போனபோது, உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"காட்டுல முள்ளு கிடக்கும். செருப்பைப் போட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

அவள் வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். ஜாம் பாட்டிலின் மூடி திறந்திருந்தது, வண்டு இல்லை. "ரெண்டையும் ஜன்னல் வழியா விட்டுட்டேன். உள்ள இருக்கிறதும் வெளிய வரட்டும், அதுக்கப்புறம் கட்டிலை அவர் இருக்கிற இடத்துலயே கொண்டுபோய்ப் போடுங்க மேடம்" என்றாள். பிறகு டிரைவரைப் பார்த்தாள். "தம்பி, கடைக்குப் போய் எனக்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வருவீங்களா? நாளைக்குக் காலையில நான் கையெழுத்துப் போடப் போகணும்."

டிரைவர் ஓடிப்போய் வாங்கி வந்தான். கடையில் இருந்ததிலேயே நல்ல பூட்டு, இரண்டு சாவியோடு. அவள் அதை வாசல் கதவில் பொருத்தி, ஒரு முறை பூட்டி, ஒரு முறை திறந்து பார்த்தாள். ஒரு சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மற்றதை டிரைவரின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மடக்கி மூடினாள்.

"கட்டிலைக் கொண்டுபோறப்ப, இதை அவர்கிட்ட வெச்சிட்டு வந்துடுங்க, தம்பி."